கேட்டால் சொல்கிறேன்: சங்கிலியைத் தேடினால் கிடைக்காது

போன இதழில் ஒரு வாசகர் ஏற்காட்டுக்குக் காப்பி வந்த கதையைக் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில், அடிமைகளின் கதை சேலத்துக்கும் உண்டு, யாரும் தோண்டிப் பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதித் தொலைத்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை வைத்து ஒரு தனி இதழே போடலாம். திட்டியவர்கள் நாலைந்து பேர், ‘எங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது’ என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். மாம்பழம், இரும்பாலை பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறை அடுத்த மாதம். பெயர் போடாதீர்கள் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் இந்த முறை எல்லோருக்குமே ஊர் மட்டும்தான்.

கேள்வி (அம்மாபேட்டை): தஞ்சாவூரில் இருந்தது, மலபாரில் இருந்தது, சரி. அங்கே நெல் விளைந்தது, பெரிய மிராசு இருந்தது. சோளமும் கம்பும் விளைந்த சேலத்தில் அடிமை ஏது? சந்தை எங்கே நடந்தது, சங்கிலி எந்த மியூசியத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

பாதி சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆளை நிலத்தோடு சேர்த்து விற்பதும் அடகு வைப்பதும் குத்தகைக்கு விடுவதும் மலபாரில் எழுதிவைத்த வழக்கமாகவே இருந்தது. நெல் விளைகிற காவேரிக் கரையிலும் பண்ணையாள் முறை இறுக்கமாக இருந்தது. மானாவாரி ஊர்களில் சொந்தக் காட்டைச் சொந்தக் கையால் உழுத குடும்பங்கள் அதிகம். அதனால் இங்கே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் தேடுகிற பொருள்தான் தப்பு. சங்கிலி சினிமாவில் வருவது. நம்மூரில் ஆளைக் கட்டிப்போட்டது ஓலை, அப்புறம் காகிதம்.

சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று ‘நீ என் அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது’ என்கிறார். அதைப் பக்திக் கதையாக நூறு தடவை கேட்டிருப்போம், ஒரே ஒரு தடவை பத்திர எழுத்தர் கண்ணோடு கேட்டுப் பாருங்கள். சுந்தரர் ‘அடிமை ஓலை என்று ஒன்று உலகத்தில் உண்டா’ என்று கேட்கவில்லை. ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது உண்டா, நீர் என்ன பித்தரா என்றுதான் கேட்கிறார். ஆள் அடிமையாக இருப்பதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை, தான் அடிமை என்பதில்தான் ஆச்சரியம். ஓலையைக் கிழித்துப் போட்டால் கிழவர் அசரவில்லை, கிழித்தது படி, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுதியவன் மட்டுமில்லை, அவன் வழிவழியாக வருகிறவர்களும் தொண்டு செய்ய வேண்டும் என்பது ஓலையின் வாசகம். கதை கேட்ட ஜனங்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் படி, மூலம், சாட்சி, வழித்தொண்டு எல்லாம் அவர்கள் பார்த்துப் பழகிய நடைமுறை.

இன்னொன்று, நம் வாயிலேயே இருப்பது. ‘வெட்டியா உக்காந்திருக்கான்’ என்கிறோம். சோழர் காலக் கல்வெட்டில் வெட்டி என்றால் கூலி கொடுக்காமல் கட்டாயமாக வாங்குகிற வேலை. காசு வராத வேலை என்பது தேய்ந்து தேய்ந்து, வேலையே இல்லாதவனுக்குப் பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ‘பையனைப் பண்ணையத்துக்கு விட்டாச்சு’ என்பார்கள், ‘மாட்டுக்கு விட்டிருக்கோம்’ என்பார்கள், காதுக்கு ஏதோ பள்ளிக்கூடத்துக்கு விட்ட மாதிரி இருக்கும். பண்ணையம், வெட்டி, பற்று, முன்பணம், பாக்கி, கூலி. இந்தச் சொற்களில் தேடுங்கள். ‘அடிமை’ என்று தேடினால் கோயில் பாட்டு மட்டும்தான் கிடைக்கும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): எது எப்படியோ, அடிமை முறையை ஒழித்தது வெள்ளைக்காரன்தானே? 1833-ல் சட்டமே போட்டானே? அதற்கு நன்றி சொல்லாமல் அவன் மேலேயே பழி போடுவது என்ன நியாயம்?

1833 சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகள், இலங்கை, செயிண்ட் ஹெலினா தீவு, இவற்றுக்கு அந்தச் சட்டம் செல்லாது. சேலமும், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பாரமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது 1792-ல். ஆக நம்மூர் அந்த விலக்குக்குள்ளேதான் இருந்தது.

நமக்கு வந்தது 1843-ஆம் வருஷத்து ஐந்தாம் சட்டம். நாலே நாலு பிரிவு, ஒரு பக்கம்கூட வராது. ஆனால் முதல் பிரிவைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரி பாக்கிக்காகவோ கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகவோ எந்த அரசு அதிகாரியும் ஓர் ஆளை, அவன் அடிமை என்ற காரணத்தைச் சொல்லி விற்கக் கூடாது, விற்க வைக்கவும் கூடாது என்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் முதல் பிரிவு எழுத மாட்டார்கள். நிலவரி பாக்கிக்கு மாட்டை ஜப்தி செய்கிற மாதிரி ஆளை ஜப்தி செய்து ஏலம் விட்ட வழக்கம் மலபாரில் கம்பெனி நிர்வாகத்திலேயே இருந்தது. மீதி மூன்று பிரிவுகள்: இவன் என் அடிமை என்ற உரிமையைக் கோர்ட் ஏற்காது, அடிமையாக இருந்தவன் என்று சொல்லி அவன் சொத்தைப் பிடுங்க முடியாது, சுதந்திரமானவனுக்குச் செய்தால் குற்றம் என்றால் அடிமைக்குச் செய்தாலும் குற்றம். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அதில் எங்கேயும் இல்லை. வாங்குவதும் விற்பதும் குற்றமானது இந்திய தண்டனைச் சட்டம் வந்த பிறகு, அது நடைமுறைக்கு வந்தது 1862-ல். அதுவரை பத்தொன்பது வருஷம் கோர்ட் கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

இடையில் 1859-ல் வந்த பதின்மூன்றாம் சட்டத்தை யாரும் பேசுவதில்லை. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மாஜிஸ்திரேட் பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடி என்பார், முடியாது என்றால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலில் சென்னை மாதிரி மாநகரங்களுக்கு வந்தது, அப்புறம் வெளியே நீண்டது. சரி, முதலாளி கூலி கொடுக்காவிட்டால் அவருக்குச் சிறை உண்டா என்றால் அந்தச் சட்டத்தில் கிடையாது. 1925-ல்தான் அதை ரத்து செய்தார்கள். அடிமை என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, கடன்பட்டவன் ஓடினால் பிடித்துக் கொடுக்க ஒரு சட்டம் வைத்திருந்தார்கள் அறுபது வருஷத்துக்கு மேல். நன்றி சொல்வது உங்கள் இஷ்டம்.

காப்பியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், அது போன இதழிலேயே எழுதினேன். அடுத்த தலைமுறையில் கடல் தாண்டி இலங்கையில் பெரிய அளவில் காப்பி போட்ட துரைமார்கள் தொழில் கற்றது எங்கே தெரியுமா? 1837-ல் அங்கே வந்த டைட்லர் ஜமைக்காவில் வேலை பழகியவர். அவர்கள் கையில் வைத்திருந்த கையேடு 1798-ல் லாபோரி என்பவர் எழுதியது, அவர் இன்றைய ஹெய்ட்டியில் அடிமைகளை வைத்துக் காப்பித் தோட்டம் நடத்தியவர். செடிக்கு எத்தனை அடி இடைவெளி, பழத்தை எப்படி உரிப்பது என்பதோடு, ஆட்களை எப்படி வேலை வாங்குவது என்ற பாடமும் அதில் உண்டு.

கேள்வி (ஓமலூர் பக்கம் ஒரு கிராமம்): பாட்டன் வீட்டைப் பிரித்தபோது மரப்பெட்டியில் ஒரு பழைய முத்திரைத்தாள் கிடைத்தது. ராஜா தலை போட்டிருக்கிறது. பிரபவ வருஷம் தை மாதம் என்று தேதி. ‘ரூபாய் நாற்பது ரொக்கம் பெற்றுக்கொண்டு, மேற்படி ரூபாய்க்கு வட்டிக்குப் பதில் என் மகனைத் தங்கள் பண்ணையத்தில் விட்டு, அசலைத் தீர்க்கும் மட்டும் வேலை செய்துவரச் சம்மதித்து’ என்று போகிறது. கீழே பெருவிரல் ரேகை. பணம் கொடுத்தது எங்கள் குடும்பம்தான். அண்ணன் எரித்துவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம், ஐயா?

முதலில் அண்ணனிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி வையுங்கள்.

தேதியிலிருந்து வருவோம். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும் என்பதால் பிரபவ என்று மட்டும் இருந்தால் குழப்பம்தான், 1867-லும் பிறந்தது, 1927-லும் பிறந்தது. ராஜா தலை உதவுகிறது. 1868-ஆக இருந்தால் விக்டோரியா மகாராணி இருந்திருப்பார். மீசை தாடியோடு ஓர் ஆண் தலை என்றால் ஐந்தாம் ஜார்ஜ். ஆக, 1928 ஜனவரி அல்லது பிப்ரவரி.

அடுத்து ‘வட்டிக்குப் பதில்’ என்ற இரண்டு வார்த்தை. அந்தச் சீட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பையன் எத்தனை வருஷம் மாடு மேய்த்தாலும், ஏர் ஓட்டினாலும் அவன் உழைப்பு வட்டிக்குத்தான் சரி, அசல் நாற்பது அப்படியே நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் நாற்பது ரூபாய்க்கு ஒரு வருஷ வட்டி 4 ரூபாய் 80 காசு. அநியாய வட்டி, இரண்டு ரூபாய் என்றே வைத்தாலும் 9 ரூபாய் 60 காசு. ஒரு பையனின் முழு வருஷத்துக்குப் பத்து ரூபாய்கூட விலை வைக்கவில்லை. அசலை அடைக்க அப்பன் வேறு எங்கேயாவது சம்பாதிக்க வேண்டும், அவருக்குச் சம்பாதிக்க வழியிருந்தால் மகனை ஏன் விடுகிறார்? சோறும் துணியும் பண்ணையில் கொடுத்திருப்பார்கள் என்று அண்ணன் சொல்லக்கூடும். கொடுத்திருப்பார்கள். மாட்டுக்கும் தீவனம் போட்டார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 1859 சட்டம் ரத்தாகிச் சில வருஷம் கழித்து எழுதிய சீட்டு இது, பையன் ஓடியிருந்தால் அந்தச் சட்டத்தைக் காட்டிச் சிறையில் போட்டிருக்க முடியாது. அதற்கும் ஐந்து வருஷம் கழித்து, 1933-ல், பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்காக இப்படி எழுதினால் செல்லாது, எழுதிய பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், தெரிந்தே வேலைக்கு வைத்தவருக்கு 200 ரூபாய் வரை. தொழிலாளர் நிலை பற்றி விசாரித்த ராயல் கமிஷன், பீடிக்கும் கம்பளத்துக்கும் பிள்ளைகளை முன்பணத்துக்கு விடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்ன யோசனை அது. சட்டம் வந்த அன்று உங்கள் பெட்டியிலிருந்த சீட்டு தானாகச் செத்துவிட்டதா, அந்தப் பையனுக்கு யாராவது போய்ச் சொன்னார்களா என்பதெல்லாம் வேறு கேள்வி.

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், அது காகிதத்தைக் கொன்றுவிடும். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள், கடன் சீட்டில் வரவு செலவு எழுதுவது பின்னால்தான். ஊரில் அந்தக் குடும்பத்து வாரிசுகள் இருந்தால் அவர்களுக்கும் இந்தக் காகிதத்தில் பங்கு உண்டு. நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் ஊர், உங்கள் தெரு, உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் சொல்வேன், பத்திரிகைக்காரனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் போங்கள். என்னையும் சேர்த்துத்தான்.

கேள்வி (ஏற்காடு, நாகலூர் சாலை): என் அப்பாயி கண்டியில் பிறந்தவர். ‘எங்களைத் துண்டு கட்டி வாங்குனாங்க’ என்று அடிக்கடி சொல்வார். தலைக்குத் துண்டு கட்டியதைச் சொல்கிறார் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டேன். அது என்ன துண்டு?

உங்கள் அப்பாயி சொன்னது காகிதத் துண்டு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போனவர் கங்காணி. வழிச் செலவு, கம்பளி, அரிசி என்று எல்லாவற்றையும் ஆள் பேரில் பற்று எழுதுவார். தோட்டத்தில் போய் இறங்கும்போதே கடனோடுதான் இறங்குவார்கள், லயத்தில், அதாவது வரிசை வீட்டில், முதல் ராத்திரி படுக்கும்போது அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அந்தக் கடனும் படுத்திருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இத்தனை ரூபாய் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. அடுத்த துரை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கடன்காரர் மட்டும் மாறுவார். ஆட்களை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினோம் என்று துரைமார்கள் சொல்லிக்கொண்டார்கள். அப்பாயி ‘வாங்குனாங்க’ என்றார். எனக்கு அப்பாயியின் சொல்தான் சரியாகப் படுகிறது.

1921-ல் துண்டு முறையைச் சட்டம் போட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு அப்பாயி பிறந்திருந்தால், அவர் தன் அம்மா சொன்னதைச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். அவர் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர் பேசிய பிரட்டு, கவ்வாத்து, செக்ரோல் (கூலிப் பதிவேடு), பேர் போடுறது, அரைப்பேர் மாதிரியான சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘அரைப்பேர்’ என்றால் பாதி நாள் கூலி என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): டர்பனிலிருந்து ஒரு குடும்பம் பூர்விகம் தேடி வந்திருக்கிறது. கையில் கப்பல் பதிவின் நகல். ஜில்லா ‘சேலம்’ என்று இருக்கிறது, கிராமத்தின் பெயர் வாயில் நுழையவில்லை. டவுனில் விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை.

டவுனில் தெரியாது. அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர், திருப்பத்தூர் எல்லாம் அடக்கம். தர்மபுரி பிரிந்தது 1965-ல், நாமக்கல் தனி மாவட்டமாக நடக்கத் தொடங்கியது 1997-ல். ஜில்லாவுக்குக் கீழே தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை) என்று ஒரு கட்டம் இருக்கும், அதை முதலில் பிடியுங்கள், தாலுகா பிடிபட்டுவிடும். கிராமப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், சத்தமாக வாய்விட்டுப் படியுங்கள். நம்மாள் சொன்னது ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்து, அவர் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, டர்பனில் இன்னொருவர் படியெடுத்தது. ‘பட்டி’யும் ‘பாடி’யும் ‘பேட்டை’யும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும். உடம்பில் உள்ள தழும்பைக்கூட எழுதியிருப்பார்கள், பார்த்தீர்களா? ஆள் தப்பினால் அடையாளம் சொல்ல வேண்டுமே.

டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு முதல் கப்பல், ட்ரூரோ, சென்னையிலிருந்து போய் டர்பனில் சேர்ந்தது 1860 நவம்பர் 16. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலானவர்கள் சென்னைத் துறைமுகம் வழியாக. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். இது அடிமைத்தனமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சட்டம் சொல்லும், ஒப்பந்தம் முடிந்தால் ஆள் சுதந்திரம். ஆனால் ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே இருப்பவர்கள் மேல் வருஷத்துக்கு 3 பவுன் வரி போட 1895-ல் சட்டம் செய்தார்கள். திரும்பவும் கையெழுத்துப் போடு, இல்லை ஊருக்குப் போ என்பதுதான் அதன் உள்ளர்த்தம். காந்தி தலைமையில் நடந்த 1913 போராட்டத்துக்குப் பிறகுதான் அது ஒழிந்தது.

அவர்களின் முன்னோர் கப்பல் ஏறிய வருஷம் 1870-களின் கடைசியாக இருந்தால் காரணம் தேட வேண்டியதே இல்லை. தாது வருஷப் பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் 19.7 லட்சம் பேர் இருந்தார்கள், 1881-ல் 16 லட்சம்தான். செத்தவர்கள் போக மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பதற்கு உங்கள் விருந்தாளிகளும் ஒரு பதில். அவர்களுக்கு ஊர் கிடைக்காவிட்டாலும் ஒரு நாள் ஆத்தூர் பக்கமோ ஊத்தங்கரைப் பக்கமோ கூட்டிப்போய்க் காட்டுங்கள், ஏதோ ஒரு காட்டோரத்தில் நின்று பார்க்கட்டும்.

கேள்வி (கல்லூரி மாணவி, சேலம்): ‘சேலத்தில் அடிமைத்தனம்’ என்று ஆய்வுத் தலைப்பு எடுக்கப் போனேன். சான்று இல்லை என்று வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

தலைப்பை மாற்று, விஷயத்தை மாற்றாதே, தங்கச்சி. ‘சேலம் ஜில்லாவில் முன்பணமும் பண்ணையாளும்’ என்று எழுதிக் கொடு, மறுக்க மாட்டார்கள்.

எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகம்தான் முதல் படி. 1819-ல் சென்னை வருவாய் வாரியம் ஜில்லா கலெக்டர்களிடம் உங்கள் பகுதியில் அடிமை முறை உண்டா என்று கேட்டு வாங்கிய பதில்கள் உண்டு, 1841-ல் சட்டக் கமிஷன் கொடுத்த அறிக்கையும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வை: கலெக்டர் யாரைக் கேட்டு எழுதியிருப்பார்? தாசில்தாரை. தாசில்தார் யாரைக் கேட்டிருப்பார்? ஊர் மணியக்காரரை. மணியக்காரர் வீட்டுப் பண்ணையில் எத்தனை ஆள் என்று யாராவது கேட்டார்களா?

அப்புறம் எழும்பூரோடு நிற்காதே. ஏற்காட்டிலும் சேலத்திலும் பழைய தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவும் அடக்கப் பதிவும் இருக்கும், லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827-ல். அதில் தகப்பன் தொழில் என்ற கட்டத்தை மட்டும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார். பாதிரியாரிடம் அனுமதி கேட்டுப் போ, பேனா எடுத்துப் போகாதே, பென்சில் போதும். தோட்டங்களில் பழைய செக்ரோல் இருந்தால் கேட்டுப் பார், பெரும்பாலும் கரையான் தின்றிருக்கும், சில இடத்தில் ஆபீஸ் பரண் மேல் மூட்டையாகக் கிடக்கும். சேலம் மத்திய சிறை கட்டப்பட்டது 1862-ல். பழைய கைதிப் பதிவில் குற்றம் என்ற கட்டத்தில் ‘வேலை ஒப்பந்த மீறல்’ என்று வருகிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா என்று விசாரி.

நிலத்தையும் பார். 1892-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க 1010-ஆம் எண் அரசாணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்க முடியாது, அப்புறமும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம் என்று நிபந்தனை. கிராமக் கணக்கில் டி.சி. நிலம் (டிப்ரஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்டோர் நிலம்) என்று போட்டிருக்கும். இன்று அதில் யார் வீடு இருக்கிறது என்று நீ கேட்டால் டீ வராது, முறைப்புதான் வரும். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ.

கேள்வி (சிவதாபுரம்): பழைய கதை இருக்கட்டும். கொலுசுப் பட்டறையில் என் தம்பி அட்வான்ஸ் வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. வேறு பட்டறைக்குப் போகிறேன் என்றால் முழுப் பணத்தையும் வைத்துவிட்டுப் போ என்கிறார்கள். இது எந்தக் கணக்கில் வரும்?

அட்வான்ஸ் வாங்குவது மட்டுமே குற்றம் ஆகாது, பட்டறைத் தொழிலில் யார்தான் வாங்கவில்லை. 1976 கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் பார்ப்பது வேறு. கடனைக் காட்டி வேறு இடத்தில் வேலைக்குப் போக விடாமல் தடுப்பது, விருப்பப்பட்ட ஊருக்குப் போக விடாமல் தடுப்பது, குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்காமல் பிடித்துக்கொள்வது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கொத்தடிமைதான். அது உறுதியானால் பாக்கிக் கடன் அந்த நிமிஷமே செல்லாது, ‘முழுப் பணத்தையும் வை’ என்பதற்கு இடமே இல்லை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் பணம் கொடுத்தவர், உங்கள் தம்பி இல்லை. இதை நிறையப் பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள்.

கோட்டாட்சியரிடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள், அவர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும். மறுவாழ்வு உதவியாக வயது வந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மூன்று லட்சம் என்று மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணில் கூப்பிடுங்கள். போவதற்கு முன்னால், தம்பி வாங்கிய தொகை, கழித்த தொகை, வேலை பார்த்த நாள் எல்லாவற்றையும் அவர் ஞாபகத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். பட்டறை நோட்டு அவர்கள் கையில், உங்கள் கையிலும் ஒன்று இருக்கட்டும்.

கேள்வி (மெய்யனூர்): நூறு வருஷத்துப் பழசைக் கிளறி இப்போது ஊருக்குள் சண்டை மூட்டுவானேன்?

மேலே சிவதாபுரம் கடிதத்தைப் படித்தீர்களா?

அச்சுக்குப் போகும் முன்: ஓமலூர் வாசகர் சீட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். எடுத்துக் கொடுத்தது எரிக்கச் சொன்ன அண்ணன்தானாம். வரவு என்று ஒரு வரிகூட இல்லை. மூன்று குறிப்புகள், மூன்றும் வேறு வேறு மையில். முதலாவது, தாயார் காரியத்துக்கு மேல்பற்று ரூபாய் பன்னிரண்டு. இரண்டாவது, கல்யாணத்துக்கு மேல்பற்று ரூபாய் முப்பது. மூன்றாவது வேறொருவர் கையெழுத்தில் இருக்கிறது, தொகை இல்லை: ‘மேற்படியான் காய்ச்சலில் படுத்தபடியால் ஆடி மாதம் முதல் அவன் தம்பி வந்தான்.’